தமிழ் வகுப்புக்குக் கற்றல் இலக்கு எழுதுவது எப்படி? புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பாடக்குறிப்பு எழுதும் வேலை வந்துவிடும். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், எழுதுதல், தொடர்பணி என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை எப்படியாவது நிரப்பிவிடலாம். ‘கற்றல் விளைவு’ என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும். பக்கத்து இருக்கை ஆசிரியரின் ஏட்டைப் புரட்டினால் ‘மாணவர்கள் செய்யுளின் பொருளை உணர்வர், தமிழின் பெருமையை அறிவர்’ என்று இருக்கும். அதையே எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்காது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் நடத்த வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எட். படிப்பில் அறிவுக்களம், உணர்வுக்களம் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அவற்றை மறுபடி விளக்கப்போவதில்லை. ஒரு பாடலுக்கும் ஒரு கட்டுரைக்கும் உட்கார்ந்து இலக்கு எழுதும்போது கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதல் படி: கண்ணுக்குத் தெரியாத வினைகளை அடியுங்கள்

உணர்வர், அறிவர், புரிந்துகொள்வர், போற்றுவர், சுவைப்பர். இந்த ஐந்தும் உங்கள் ஏட்டில் எங்கெல்லாம் வருகின்றன என்று பார்த்து அடிக்கோடு இடுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ‘இதை நான் எப்படிப் பார்ப்பேன்?’ என்று எழுதுங்கள். ‘பொருளை உணர்ந்த’ மாணவரும் உணராத மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இருவரையும் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? உணர்ந்தவர் பாடலைத் தம் சொற்களில் சொல்வார் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையே இலக்காக எழுதிவிடுங்கள்: ‘பாடலின் கருத்தை நூலைப் பார்க்காமல் நான்கு வாக்கியங்களில் சொல்வார்.’ உங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் இப்போது எழுதியிருக்கிறீர்கள்.

இலக்கு வாக்கியத்தை அமைக்க எனக்குத் தெரிந்த எளிய சட்டகம் பழையது. ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-இல் வகுத்தது. எதைக் கொடுத்தால், என்ன செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்ற மூன்றுக்கும் வாக்கியத்தில் இடம் இருக்க வேண்டும். ‘முன்பு படிக்காத ஒரு சங்கப் பாடலை அருஞ்சொற்பொருளோடு கொடுத்தால், பேசுபவர் யார் என்பதைப் பாடலிலிருந்து ஒரு சான்றாவது காட்டி எழுதுவார்’ என்பதில் மூன்றும் இருக்கின்றன. நீளமான வாக்கியம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை நாற்பது பேரின் தாளைப் புரட்டி, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று உங்களால் சொல்ல முடியும்.

புளூம் படிநிலை பற்றி ஒரு வார்த்தை. 1956-இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றலுக்கு வகுத்த ஆறு நிலைகளை 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தினார்கள். இப்போது வழக்கில் இருப்பது நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்ற வரிசை. இதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பாடலுக்கும் நிலைக்கு ஒன்றாக ஆறு இலக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு வருகிற அலுவலருக்கு அது பிடிக்கவும் கூடும். இரண்டு பாடவேளைகளில் ஆறு இலக்கை எந்த வகுப்பும் எட்டாது. இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று.

அப்படியானால் மொழிப்பற்று, இலக்கிய ஈடுபாடு இவையெல்லாம் வேண்டாமா? வேண்டும். நாம் தமிழாசிரியர் ஆனதே அதனால்தான். ஆனால் அவற்றை மதிப்பெண்ணுக்கு உரிய இலக்காக எழுதினால், ‘எனக்கு இப்பாடல் மிகவும் பிடித்தது’ என்று நாற்பது பேரும் எழுதித் தருவார்கள். ஈடுபாட்டுக்கு வேறு அடையாளங்கள் உண்டு: நூலகத்தில் கேட்காமலே ஒரு நூலை எடுக்கிற கை, பாடவேளை முடிந்த பிறகும் உங்களோடு நடந்து வந்து கேட்கிற கேள்வி. அவற்றைக் கவனியுங்கள்; கட்டத்தில் போடாதீர்கள்.

இரண்டாம் படி: பாடநூலின் ‘கற்றல் நோக்கங்களை’ உடையுங்கள்

2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் கற்றல் நோக்கங்கள் தரப்பட்டிருக்கின்றன. புதியவர்கள் பலர் அவற்றை அப்படியே ஏட்டில் எடுத்து எழுதிவிடுகிறார்கள். அவை ஓர் இயல் முழுமைக்கும் உரியவை. கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்பவை. நாளைய பாடவேளைக்கு அவை அளவில் மிகப் பெரியவை.

இயலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஒவ்வொரு நோக்கத்தையும் எந்தப் பாடத்தில், எந்தப் பத்தியில், எந்தப் பயிற்சியில் வைத்துச் சாதிக்கப் போகிறீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். சில நோக்கங்களுக்கு மூன்று இடங்கள் கிடைக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. கிடைக்காதவற்றுக்கு நீங்களே ஒரு செயல்பாடு வைக்க வேண்டும், அல்லது அடுத்த இயலுக்குத் தள்ள வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். செலவழித்துவிட்டால் அந்த இயல் முழுவதற்கும் பாடக்குறிப்பு எழுதுவது எளிதாகிவிடும்.

மூன்றாம் படி: கடைசி வேலையை முதலில் எழுதுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், எடுத்துக்காட்டு இல்லாமல் விளங்காது. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்துக்கொள்வோம் (312; திணை வாகை, துறை மூதின்முல்லை). ஆறே அடிகள்.

ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே
சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே
வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே
நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே
ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கிக்
களிறுஎறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே

வழக்கமான வகுப்பில் ஆசிரியர் படிப்பார், சொல்லுக்குப் பொருள் சொல்வார், வீரத்தாயின் பெருமையை விளக்குவார், ஆசிரியர் குறிப்பை எழுதிப்போடுவார். ‘இப்பாடல் உணர்த்தும் கருத்தை எழுதுக’ என்று வீட்டுப்பாடம் தருவார். மறுநாள் நாற்பது குறிப்பேடுகளிலும் ஒரே விடை இருக்கும், ஏனென்றால் நாற்பதும் ஒரே நோட்ஸிலிருந்து வந்தவை.

இதைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பாடவேளை முடிந்ததும் மாணவர் கையிலிருந்து எந்தத் தாளை வாங்கப்போகிறீர்கள்? அந்தத் தாளுக்கான கேள்வியை முதலில் எழுதுங்கள். என் தேர்வு இது: ‘முதல் நான்கு கடமைகளும் ஆளுக்கு ஓர் அடியில் முடிகின்றன. மகனுடைய கடமைக்கு மட்டும் இரண்டு அடிகள். இதனால் பாடலைக் கேட்பவருக்கு என்ன நேர்கிறது? ஐந்து வாக்கியங்களுக்குள் எழுதுக.’

இந்தக் கேள்விக்கு நோட்ஸில் விடை இருக்காது. பாடலுக்குள் போனால் இருக்கிறது. ஒவ்வோர் அடியும் ‘கடனே’ என்று முடிந்து காது அதற்குப் பழகிவிட்ட நேரத்தில் ஐந்தாம் அடி முடியாமல் ‘முருக்கி’ என்று நிற்கிறது. ‘கடனே’ அடுத்த அடியில்தான் வருகிறது. போர் அந்த இடைவெளியில் நடக்கிறது. ஒரு மாணவி இதைப் பெருமிதம் என்று எழுதலாம், இன்னொருவர் தாயின் தயக்கம் என்று எழுதலாம். இரண்டுக்கும் பாடல் இடம் கொடுக்கிறது. வரியைச் சுட்டினால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

கடைசித் தாள் முடிவாகிவிட்டது. இனி அதை எழுத ஒரு மாணவருக்கு என்னென்ன வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். சொற்களைப் பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சத்தமாகப் படிக்க வேண்டும். பேசுபவர் தாய் என்பதை ‘ஈன்று’, ‘என்தலை’ என்ற சொற்களிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து பேர், ஐந்து கடமை என்று வரிசைப்படுத்த வேண்டும். தந்தைக்கும் வேந்தனுக்கும் நடுவில் கொல்லர் ஏன் வந்தார் என்று யாராவது ஒருவராவது கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இவை அனைத்தும் முதல் பாடவேளையின் வேலை. இரண்டாவது பாடவேளையில் எழுத்து. ஆக, ஏட்டில் எழுத வேண்டிய இலக்கு இரண்டே:

‘பாடலில் பேசுபவர் யார் என்பதைச் சொற்சான்றோடு நிறுவுவார்.’

‘பாடலின் அமைப்பில் உள்ள ஒரு மாற்றத்தைச் சுட்டி, அது பொருளை எப்படிப் பாதிக்கிறது என்று ஐந்து வாக்கியங்களுக்குள் எழுதுவார்.’

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பானால் இன்னொன்றும் சேர்க்கலாம். நான்காம் அடியில் ‘நன்னடை’ என்பதற்குத் ‘தண்ணடை’ என்றும் பாடம் உண்டு. ஒன்று நல்லொழுக்கம் தருவதைச் சொல்கிறது, மற்றது மருதநிலத்து ஊரைக் கொடையாகத் தருவதை. எதை ஏற்றால் பாடல் எப்படி மாறுகிறது என்று வாதிடச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் இதைத் தொடாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

சோதனைக்கு ஒன்று சொல்கிறேன். பாடநூலில் இல்லாத ஒரு பாடலைக் கொடுத்தாலும் இலக்கு செல்லுபடியாகிறதா? ‘பொன்முடியாரின் பாடலை விளக்குவார்’ என்பது அந்த ஒரு பாடலோடு செத்துவிடும். ‘பேசுபவரைச் சான்றோடு நிறுவுவார்’ என்பது எட்டுத்தொகைக்கும் செல்லும், நேற்று இதழில் வந்த புதுக்கவிதைக்கும் செல்லும். மாதம் ஒருமுறையாவது பார்க்காத பாடல் ஒன்றைக் கொடுங்கள். முதல் தடவை வகுப்பு திகைத்து உட்கார்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எழுத்துப் பயிற்சிக்குத் தனி இலக்கு

நம் வகுப்புகளில் எழுத்துக்கு இலக்கு என்று எதுவும் கிடையாது, தலைப்புதான் உண்டு. ‘சாலைப் பாதுகாப்பு’, ‘நீர் மேலாண்மை’ என்று கரும்பலகையில் எழுதி, குறிப்புச் சட்டகம் கொடுத்து, முன்னுரை–பொருளுரை–முடிவுரை எழுதி வரச் சொல்கிறோம். அந்தக் கட்டுரை எழுதியதால் மாணவர் எதில் தேறினார் என்று கேட்டால் நமக்கே தெரியாது.

ஒரு கட்டுரைக்கு ஓர் இலக்கு. அதற்கு மேல் வேண்டாம். இந்த வாரக் கட்டுரையில் நீங்கள் பார்க்கப்போவது முன்னுரையை மட்டும் என்றால் அதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: ‘இந்த முன்னுரையை வேறு எந்தக் கட்டுரையின் தலையிலும் ஒட்ட முடியாதபடி எழுதுவார்.’ திருத்துவது எளிது. ‘மனித வாழ்வில் இன்றியமையாதவற்றுள் ஒன்று’ என்று தொடங்கும் முன்னுரையை எடுத்து நீருக்கும் வையுங்கள், நூலகத்துக்கும் வையுங்கள், இரண்டிலும் பொருந்தினால் இலக்கு எட்டப்படவில்லை. தங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லித் தொடங்கியவருக்கு எட்டிவிட்டது. மாணவர்களையே ஒருவர் முன்னுரையை இன்னொருவர் தலைப்பில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு சிரிக்கும், பாடமும் நடக்கும்.

பத்தாம் வகுப்பில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு வினா உண்டு. படத்தைப் பார்த்துச் சில வரிகள் எழுத வேண்டும். கேட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற சில அடிகளை மனப்பாடம் செய்து போகும் வழக்கம் மாநிலம் முழுதும் பரவியிருக்கிறது. மெல்லக் கற்போருக்கு அது ஒரு பிடிமானம் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இருந்தாலும் வகுப்பறையில் இப்படி ஓர் இலக்கு வைக்கலாம்: ‘இந்தப் படத்தைப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய மூன்று விவரங்களாவது இடம்பெறும்படி எழுதுவார்.’ மூன்று விவரங்களைக் கண்டவருக்கு மனப்பாட வரிகள் தாமாகவே தேவையில்லாமல் போகும்.

நயம் பாராட்டலும் இப்படித்தான். மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘இப்பாடலில் எதுகை நயம் சிறப்பாக அமைந்துள்ளது’ என்று எழுதுவது. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்ததைக் கண்டுபிடித்தது வரை சரி. அங்கே நிறுத்திவிடுகிறோம். இலக்கில் ஒரு வாக்கியம் கூட்டுங்கள்: ‘தாம் சுட்டிய நயம் பாடலின் பொருளுக்கு என்ன செய்கிறது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வார், ஒன்றும் செய்யவில்லை என்று கருதினால் அதையும் காரணத்தோடு சொல்வார்.’ பின்பாதியைக் கேட்டதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடலைக் குறை சொல்லவும் உரிமை உண்டு என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வகுப்புவாரியாக என் கணக்கு இது, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்ற ஒழுங்கு வர வேண்டும், பேச்சுவழக்கை எழுத்துவழக்காக மாற்றத் தெரிய வேண்டும். பத்தில் கடிதமும் குறிப்புகளை விரித்தெழுதும் கட்டுரையும். பதினொன்றில் ஒரு கருத்தை ஏற்றோ மறுத்தோ இரண்டு காரணங்களோடு வாதிடுவது. பன்னிரண்டில் தாம் எழுதிய முதல் படியைத் தாமே திருத்தி இரண்டாம் படி எழுதுவது. கடைசியில் சொன்னதுதான் கடினமானது. ‘மறுபடியும் எழுதவா?’ என்று முகம் சுளிப்பார்கள். முழுவதும் வேண்டாம், ஒரு பத்தியை மட்டும் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பழைய பத்தியும் புதிய பத்தியும் ஒரே தாளில் மேலும் கீழுமாக இருக்கட்டும். எதை ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதட்டும். அந்த ஒரு வரிதான் நீங்கள் திருத்த வேண்டியது.

இலக்கணம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ‘வல்லினம் மிகும் இடங்களை அறிவர்’ என்ற இலக்கு விதியைச் சொல்ல வைக்கும், அதே மாணவர் கட்டுரையில் ‘பாடலை படித்தான்’ என்று எழுதுவதைத் தடுக்காது. இலக்கை மாணவரின் சொந்தக் கட்டுரை மீது வையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு விதி: இந்த மாதம் ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகுவது. ‘தாம் எழுதிய பக்கத்தில் ஐ உருபு வரும் இடங்களுக்கு அடிக்கோடிட்டு, மிக வேண்டிய ஒற்றைத் தாமே சேர்ப்பார்.’ அடுத்த மாதம் கு உருபு, ‘வீட்டுக்குச் சென்றான்’. அதற்கடுத்து அந்த, இந்த, எந்த. அந்தந்த மாதத்து விதியை மட்டும் திருத்துங்கள். மற்ற ஒற்றுப்பிழைகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவது தமிழாசிரியருக்குப் பெரிய தவம்தான். ஆனால் பக்கம் முழுதும் சிவப்பு மையாகத் திரும்பி வரும் தாளை எந்த மாணவரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

ஐந்தாம் படி: எட்டியது என்பதற்கு அளவு வையுங்கள்

‘சான்றோடு எழுதுவார்’ என்று இலக்கு வைத்தால், சான்று என்றால் எது என்று நாற்பது பேருக்கும் ஒரேமாதிரி தெரிந்திருக்க வேண்டும். விதியாகச் சொன்னால் பதியாது. மூன்று மாதிரி விடைகளை நீங்களே எழுதிக் கரும்பலகையில் போடுங்கள்.

முதலாவது: ‘இப்பாடலில் தாய் தன் மகனின் வீரத்தைப் போற்றுகிறாள்.’ கருத்து உண்டு, சான்று இல்லை.

இரண்டாவது: ‘இப்பாடலில் தாய் வீரத்தைப் போற்றுகிறாள். “களிறுஎறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே” என்று வருகிறது.’ சான்று உண்டு, ஆனால் அது கருத்தோடு ஒட்டவில்லை.

மூன்றாவது: ‘யானையை வென்று திரும்பி வருவதும் மகனின் கடமை என்று தாய் சொல்கிறாள். “பெயர்தல்” என்ற சொல்லால், அவன் வெல்வதோடு உயிரோடு மீள்வதையும் அவள் எதிர்பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.’ வரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதன்மேல் ஒரு கருத்தைக் கட்டியிருக்கிறது.

மூன்றையும் வைத்து எது நல்லது, ஏன் என்று வகுப்பையே பேச விடுங்கள். அந்தப் பேச்சில் வருகிற சொற்களையே அளவுகோலாக எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கையேட்டிலிருந்து எடுத்த அட்டவணையைவிட அது அவர்களுக்கு நன்றாக விளங்கும். வளரறி மதிப்பீட்டுக்கும் இதையே பயன்படுத்தலாம். தனியாக ஒன்று தயாரிக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: தேர்வோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள்

‘இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தேர்ச்சி விழுக்காடு என்னாவது?’ என்று முதல் கூட்டத்திலேயே கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பதிலோடு போங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ் 2019-20 முதல் ஒரே தாள், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் 9, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5, எட்டு மதிப்பெண் 3. ஐந்தும் எட்டும் சேர்ந்தால் 49. ஏறத்தாழப் பாதி மதிப்பெண், சொந்தமாக நான்கு பத்தி எழுதத் தெரிந்தவர் மனப்பாடம் செய்தவரைவிடத் தெம்பாக உட்காரும் இடத்தில் இருக்கிறது. கேள்வி கொஞ்சம் திருகி வந்தால் மனப்பாடம் கைவிடும், எழுதத் தெரிந்த கை விடாது.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் உங்கள் இலக்குகளில் எது அதற்கு உதவும் என்று எழுதிப் பாருங்கள். சில வினாக்கள் நினைவாற்றலை மட்டுமே கேட்கும். அவற்றுக்கு நினைவாற்றலையே இலக்காக வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். மனப்பாடப் பாடலைப் பிழையின்றி, சீர் பிரித்து எழுதுவது நல்ல இலக்குதான். செய்யுள் நம்மிடம் காலங்காலமாக வந்து சேர்ந்தது மனப்பாடத்தின் வழியாகத்தான். எல்லா இலக்கையும் மனப்பாடமாகவே வைப்பதுதான் சிக்கல்.

ஏழாம் படி: எல்லாருக்கும் ஒரே இலக்கு, வெவ்வேறு ஏணி

மெல்லக் கற்போருக்குத் தனியாக எளிய இலக்கு எழுதும் பழக்கம் இருக்கிறது: மற்றவர்கள் வாதிடுவார்கள், இவர்கள் பார்த்து எழுதுவார்கள். ஆண்டு முடிவில் இவர்கள் பார்த்து எழுதுவதில் மட்டும் தேறியிருப்பார்கள். இலக்கை மாற்றாதீர்கள், உதவியை மாற்றுங்கள். பொன்முடியார் பாடலில் மற்றவர்களுக்குப் பாடலை மட்டும் கொடுத்தால், இவர்களுக்கு அருஞ்சொற்பொருளும், ‘முதல் நான்கு அடிகளும் ______ என்று முடிகின்றன, ஐந்தாம் அடி மட்டும் ______’ என்ற தொடக்க வாக்கியமும் கொடுங்கள். ஐந்து வாக்கியத்துக்குப் பதில் இரண்டு போதும். வாயால் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுகிற பிள்ளை பேனாவைப் பார்த்ததும் ஊமையாகிவிடுவதை நீங்களே காண்பீர்கள்.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் படிப்படியாகப் பகுதி ஒன்றில் கட்டாயப் பாடமானது. அதனால் வீட்டில் தெலுங்கோ உருதோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் உங்கள் முன் இருப்பார்கள். இவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். நான் பார்த்தவரை, வீட்டில் தமிழ் பேசாத சிலர் பேச்சுவழக்கு கலக்காமல் எழுதுகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் நூலின் வழியாக வந்திருப்பதால். அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சொல்வளம், பழமொழிகள், பாடலில் வரும் ஊர் வழக்கங்களின் பின்னணி.

எட்டாம் படி: இலக்கை மாணவரிடம் சொல்லுங்கள்

பாடக்குறிப்பு ஏட்டில் தூங்கும் இலக்கால் பயன் இல்லை. பாடவேளை தொடங்கும்போது கரும்பலகையின் மூலையில் ஒரே வாக்கியமாக, மாணவர் பேசும் விதத்தில் எழுதுங்கள்: ‘பாடலில் பேசுவது யார் என்று ஆதாரத்தோடு சொல்லப்போகிறேன்.’ கடைசி ஐந்து நிமிடத்தில் அரைத்தாளில் அதைச் செய்து தரச் சொல்லுங்கள். பெயர் எழுதட்டும், மதிப்பெண் வேண்டாம்.

அன்று மாலை அந்த அரைத்தாள்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள்: வந்துவிட்டது, பாதி வந்தது, வரவில்லை. திருத்தவே வேண்டாம், பிரித்தால் போதும். மூன்றாம் கட்டு தடிமனாக இருந்தால் மறுநாள் புதுப் பாடம் இல்லை, வேறு வழியில் அதையே எடுக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் அந்த ஐந்தாறு பேரை மட்டும் தனியே பிடியுங்கள். ‘குறைதீர் கற்பித்தல்’ கட்டத்தில் எழுத உங்களுக்கு இப்போது உண்மையான செய்தி கிடைத்துவிட்டது.

இதை எல்லா நாளும் செய்ய முடியாது. இரண்டு, மூன்று பிரிவுகளுக்கு வகுப்பெடுத்து, நடுவே தேர்தல் பணியும் கணக்கெடுப்பும் வந்து சேர்கிற வேலை இது. வாரத்துக்கு ஒரு பிரிவில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது

முழு ஆண்டுக்கும் ஒரேயடியாக இலக்கு எழுத உட்காராதீர்கள். முதல் இயலுக்கு மட்டும் எழுதுங்கள்: செய்யுளுக்கு இரண்டு, உரைநடைக்கு ஒன்று, எழுத்துப் பயிற்சிக்கு ஒன்று, ஒற்றுக்கு ஒன்று. முதல் இடைப்பருவத் தேர்வு வரை அவற்றோடு ஓட்டுங்கள். தேர்வு விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் அந்த ஐந்து இலக்கும் இருக்கட்டும், எது தாளில் தெரிகிறது என்று பாருங்கள்.

காலாண்டு விடுமுறையில் ஏட்டை மறுபடி எடுங்கள். இதுவரை எழுதிய இலக்குகளில் எவற்றுக்கு மாணவர் கையெழுத்தில் ஒரு தாளாவது உங்களிடம் இருக்கிறது? தாள் இல்லாத இலக்கை அடித்துவிட்டு, அரையாண்டுக்கு முன் அதே இடத்தில் வேறொன்றை எழுதுங்கள்.